உமிச்சாம்பலிலிருந்து மூலக்கூறு சல்லடை: 4ஏ ஜியோலைட்டைச் செய்து சரிபார்க்கும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் புழுங்கலரிசி ஆலைகளின் பின்புறம் எப்போதும் ஒரு கரிய சாம்பல் மேடு இருக்கும். ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் அது பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டியில் வந்து படிந்து சண்டையைக் கிளப்பும். 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி கிடைக்கிறது. அந்த உமியை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. சாம்பலில் பெரும்பங்கு சிலிகா. இந்தச் சிலிகாவைக் கொண்டு 4ஏ என்ற ஜியோலைட்டை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எப்படிச் செய்வது, செய்தது அதுதானா என்று எப்படி உறுதி செய்வது என்பதை முதுகலை வேதியியல் மாணவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

ஜியோலைட் என்பது சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜன் வழியாகக் கைகோத்துக் கட்டிய படிகக் கூடு. கூட்டின் அறைகளுக்கு ஒரே அளவான வாசல்கள் உண்டு. 4ஏ வகையில் அந்த வாசலின் அகலம் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்). முறத்தில் புடைக்கும்போது கனத்தைப் பார்த்துப் பிரிக்கிறோம், சல்லடையில் அளவைப் பார்த்துப் பிரிக்கிறோம். இங்கே சலிக்கப்படுபவை மூலக்கூறுகள் என்பதால்தான் மெக்பெய்ன் 1932-இல் இத்தகைய பொருள்களுக்கு மூலக்கூறு சல்லடை என்று பெயர் வைத்தார். கூட்டில் உள்ள ஒவ்வோர் அலுமினியமும் ஓர் எதிர்மின்சுமையைக் கொண்டுவருவதால், அதைச் சமன் செய்யச் சோடியம் அயனிகள் வாசலை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிய பொட்டாசியத்தை வைத்தால் வாசல் குறுகி 3ஏ ஆகிறது. இரண்டு சோடியத்துக்கு ஒரு கால்சியம் என்று மாற்றினால் வாசல் திறந்து 5ஏ ஆகிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். 4ஏ அந்தக் காரக் கரைசலில் உண்டாகக்கூடிய பொருள்களில் மிக நிலையானது அன்று. வழியில் வந்து போகும் ஒரு கட்டம் மட்டுமே. முன்னதாக இறக்கினால் வெறும் கூழ். பிந்தி இறக்கினால் சோடலைட், அல்லது பி வகை ஜியோலைட் என்ற வேறு படிகங்கள். வெல்லப்பாகைப் போல இதற்கும் ஒரு பதம் உண்டு. அந்தப் பதத்தைப் பார்த்து இறக்குவதுதான் இந்த வேலையின் சாரம்.

உமி

ஆலைக் கொதிகலன் சாம்பல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதை அள்ளிவர வேண்டாம். நான் முதல்முறை அதைத்தான் செய்தேன். ஒரு மாதம் வீணாயிற்று. கொதிகலனில் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் உருவமற்ற சிலிகா கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறிவிடுகிறது. படிகமான பிறகு அது காரத்தில் எளிதில் கரைவதில்லை. நமக்கு வேண்டியது உருவமற்ற சிலிகா. ஆகவே உமியாகவே வாங்கிவந்து நாமே எரிப்பது நல்லது.

நெல்லைக் களத்திலும் தார்ச்சாலை ஓரத்திலும் காயப்போடுவது நம் பக்கத்து வழக்கம் என்பதால் உமியில் மணல் கலந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் உமி மிதக்கும், மணல் அடியில் தங்கும். மேலே உள்ளதை மட்டும் அரித்தெடுத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். இந்தச் சின்ன வேலையைத் தவிர்த்தவர்களின் எக்ஸ் கதிர் வரைபடத்தில் 26.6 டிகிரி கோணத்தில் குவார்ட்ஸ் (மணல் படிகம்) சிகரம் முளைத்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உலர்ந்த உமி 50 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 450 மி.லி. வாலைவடிநீரில் 45 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, எப்போதும்போல நீரில் அமிலம் என்ற வரிசையில், ஊற்றிக் கலந்தால் ஏறக்குறைய ஒரு மோலார் கரைசல் கிடைக்கும். அதில் உமியைப் போட்டுப் புகைபோக்கி அறைக்குள் வைத்து இரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். பொட்டாசியம், கால்சியம், இரும்பு ஆகியவை அமிலத்தோடு வெளியேறிவிடும். பொட்டாசியத்தை நீக்குவதில்தான் சாம்பலின் நிறமே இருக்கிறது. அது தங்கினால் சூட்டில் சிலிகாவின் மேற்பரப்பை இளகச் செய்து கரியை உள்ளே அடைத்துவிடும், பிறகு எத்தனை மணி நேரம் எரித்தாலும் கறுப்பு போகாது. வடிகட்டி, கழுவிய நீர் லிட்மஸைச் சிவக்கச் செய்வது நிற்கும் வரை கழுவி, 110 டிகிரியில் உலர்த்த வேண்டும்.

உலர்ந்த உமியைப் பீங்கான் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, புகை அடங்கும் வரை 300 டிகிரியில் கருகவிட்டு, பிறகு மஃபில் உலையில் 600 முதல் 650 டிகிரிக்குள் நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். உலைக் கதவைச் சிறிது திறந்து வைத்தால் காற்று புகும். வெளியே எடுத்துப் பார்த்தால் உமியின் வடிவம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் பால்வெள்ளையாக மாறியிருக்கும். விரலால் தொட்டால் பூவாக நொறுங்கும். தொடுவதைக் கையுறையோடு செய்யுங்கள், அரைக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். 50 கிராம் உமியில் 7 முதல் 9 கிராம் வரை சிலிகா எதிர்பார்க்கலாம். எந்த ஊர் ஆலை, குறுவையா சம்பாவா, என்ன ரகம் என்பதைக் குறிப்பேட்டில் அன்றே எழுதிவையுங்கள். அடுத்த தொகுதி வேறுவிதமாக வந்தால் காரணம் தேட அது உதவும்.

கரைசல்களும் கணக்கும்

கூழின் மோல் விகிதமாக அலுமினா 1, சிலிகா 1.93, சோடியம் ஆக்சைடு 3.17, நீர் 128 என்பதைக் கொள்ளலாம். 4ஏ-வுக்கு நன்கு பழகிய விகிதம் இது. படிகத்தில் சிலிக்கனும் அலுமினியமும் சமம். அலுமினியம் இதற்கு மேல் ஏற முடியாது. இரண்டு அலுமினியங்கள் ஒரே ஆக்சிஜனைப் பகிர்ந்து அடுத்தடுத்து அமராது என்பது லோவன்ஸ்டைன் 1954-இல் சொன்ன விதி.

சோடியம் அலுமினேட் விற்பனைக்கு வரும்போது சுத்தமான சேர்மமாக வருவதில்லை. பெயரில் உள்ள வாய்பாட்டை நம்பி எடை போட்டால் விகிதம் பிசகும்; குப்பியின் மேல் ஒட்டியுள்ள பகுப்பாய்வை வைத்தே கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, அதில் அலுமினா 54 விழுக்காடு, சோடியம் ஆக்சைடு 41 விழுக்காடு என்றிருந்தால், 0.04 மோல் அலுமினாவுக்கு 7.55 கிராம் அலுமினேட் தேவை. அதிலேயே 0.05 மோல் சோடியம் ஆக்சைடு வந்துவிடுகிறது. மொத்தம் வேண்டியது சுமார் 0.127 மோல், மீதம் உள்ள 0.077 மோலுக்கு 6.1 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்க வேண்டும். சிலிகா 0.077 மோல், அதாவது 4.64 கிராம், வெள்ளைச் சாம்பலில் சிறு மாசு இருக்கும் என்பதால் 4.7 கிராமாக எடுக்கலாம். நீர் 92 மி.லி.

அந்த 6.1 கிராம் காரத்தில் 5 கிராமை 50 மி.லி. வாலைவடிநீரில் கரைத்து, சாம்பலைச் சேர்த்து, 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். ஆவியாகும் நீரை அவ்வப்போது ஈடுகட்ட வேண்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது டெஃப்ளான் கலமே தகும். சூடான காரம் கண்ணாடியைக் கரைத்துக் கணக்கில் இல்லாத சிலிகாவை உள்ளே கொண்டுவரும். சாம்பல் கரைந்து, சோற்றுக் கஞ்சித்தெளிவு போன்ற ஒரு திரவம் கிடைக்கும். அதைக் காரம் தாங்கும் வடிதாளில் வடித்து, தாளை 5 மி.லி. நீரால் கழுவிச் சேர்த்துக்கொண்டு, தங்கிய கரித்துகளை உலர்த்தி எடை போடுங்கள். அது 4.7 கிராமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் சாம்பல் சரியாக எரியவில்லை அல்லது படிகமாகிவிட்டது என்று பொருள். மேலே போகாமல் அங்கேயே நிறுத்துவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மீதி 1.1 கிராம் காரத்தையும் அலுமினேட்டையும் எஞ்சிய 37 மி.லி. நீரில் வெதுவெதுப்பாகக் கரைத்துத் தெளியவைப்பது எளிது. இரு வேலைகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீரோ குழாய் நீரோ கூடாது. கடைமடைப் பகுதியில் நீரின் உப்பும் கடினத்தன்மையும் எல்லாருக்கும் தெரிந்ததே. அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கூழும் பதமும்

இரு கரைசல்களும் அறை வெப்பநிலைக்கு வந்தபின், அலுமினேட்டைக் கலக்கிக்கொண்டே சிலிகேட்டை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். ஊற்றியவுடன் வெள்ளைக் கூழ் திரண்டு, கெட்டித்தயிர் போல் கலக்கும் காந்தத்தை நிறுத்திவிடும். பயப்பட வேண்டாம், ஒரு கண்ணாடிக் குச்சியால் உடைத்துவிட்டால் சில நிமிடங்களில் இளகும். அரைமணி நேரம் கலக்கியபின் 250 மி.லி. பாலிப்ரொப்பிலீன் புட்டியில் மாற்றி, மூடியை இறுக்கி, முன்பே 100 டிகிரிக்குச் சூடேறிய ஓவனில் வைக்க வேண்டும். இந்த வெப்பநிலைக்கு எஃகு ஆட்டோகிளேவ் தேவையில்லை.

மூன்று மணி நேரம் கழித்துப் புட்டியை அசைக்காமல் பாருங்கள். கூழ் இன்னும் புட்டி முழுவதும் ஒரே வெள்ளையாக நிற்குமானால் வேகவில்லை. மேலே தெளிந்த நீரும் அடியில் மாவுபோல் படிந்த வெண்பொடியும் கோடு கிழித்தாற்போல் பிரிந்திருந்தால் அதுவே பதம். பொதுவாக மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்தில் இந்த நிலை வரும். புட்டியைச் சாய்த்தால் பொடி தனித்தனித் துகளாகச் சரியும், கூழைப்போல் வழுக்கி நகராது. இதை ஒருமுறை பார்த்தவர் பிறகு மறப்பதில்லை. உடனே எடுத்துக் குளிர்ந்த நீரில் புட்டியை அமிழ்த்துங்கள்.

ஒருமுறை போகிக்கு முதல்நாள் ஒரு புட்டியை உள்ளே வைத்துவிட்டு ஊருக்குப் போய், காணும் பொங்கல் கழித்துத்தான் திரும்பினேன். ஓவன் அத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்தது. கிடைத்த பொடி பார்வைக்கு 4ஏ போலவே வெண்மையாக இருந்தது, வரைபடத்திலோ 14.1, 24.5 டிகிரிகளில் சோடலைட் சிகரங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் சோடலைட்டின் வாசலில் நீர் நுழைவதே கடினம். இதற்கு மாறாக, வேகும் நடுவில் அரைமணி நேரம் மின்வெட்டு வந்தால் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆறிய நேரத்தைக் கூட்டிக்கொண்டு பதத்தைப் பார்த்து இறக்கினால் போதும்.

வடிகட்டிய பொடியைக் கழுவும்போது, கழுவுநீரின் பி.எச். 9-க்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். 7 வரும் வரை விடாப்பிடியாகக் கழுவுவோர் உண்டு. அப்படிச் செய்தால் சோடியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி ஏறும். அலுமினியம் மிகுந்த இந்தக் கூடு அதைத் தாங்காது. 100 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்தினால் கணக்குப்படி 14 கிராம் வர வேண்டும். தாளிலும் புட்டியிலும் ஒட்டியது போக 12 கிராம் கிடைத்தால் நல்ல கைப்பக்குவம். மிஞ்சிய காரநீரையும் முன்பு வடித்த அமிலநீரையும் ஒன்றோடொன்று மெல்ல நடுநிலையாக்கிய பிறகே கொட்டுங்கள். கல்லூரிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் யாரோ ஒருவருடைய நாற்றங்காலுக்குத்தான் போகிறது.

வாசல் பெரிதான எக்ஸ் வகை ஜியோலைட் வேண்டுமென்றால் சிலிகாவையும் காரத்தையும் கூட்டி, கூழை ஒருநாள் அறை வெப்பத்தில் ஊறவிட்டு, 90 டிகிரியில் வேகவிடுவது வழக்கம். இதன் வாசல் 7.4 ஆங்ஸ்ட்ராம். 4ஏ கைவந்த பிறகு அதற்குப் போவது நல்லது.

செலவில்லாத சோதனை முதலில்

மாதிரியை வெளியே அனுப்பிக் காத்திருக்கும் முன், மேசையிலேயே இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாம். கொஞ்சம் பொடியைச் சோதனைக்குழாயில் இட்டு மெல்லச் சூடாக்கினால் பொடி கொதிப்பதுபோல் குதிக்கும், குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளி முத்துமுத்தாகக் கட்டும். 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சுட்டபோது இந்தக் கொதிப்பைக் கண்டுதான், கிரேக்கத்தில் கொதிகல் என்று பொருள்படும் ஜியோலைட் என்ற பெயரை இட்டார். அடுத்தது எடைச் சோதனை. ஒரு கிராம் பொடியை 350 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்து, உலர்த்துக்கலனில் ஆறவைத்து, மூடியோடு எடை போடுங்கள். நீருள்ள 4ஏ தன் எடையில் சுமார் 22 விழுக்காட்டை இழக்க வேண்டும். பிறகு அதே பொடியை, நிறைவுற்ற சமையலுப்புக் கரைசல் வைத்த மூடிய பெட்டிக்குள் ஒருநாள் விட்டுவிட்டால் இழந்த எடை ஏறக்குறைய முழுவதும் திரும்பும். இழப்பு 10 விழுக்காட்டோடு நின்றால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சோடலைட். ஐப்பசி அடைமழைக் காலத்தில் இதைச் செய்பவர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு தராசைப் பார்த்தால், கடைசி இலக்கம் கண்முன்னே ஏறிக்கொண்டிருப்பதைக் காணலாம்; தராசில் பழுது எதுவும் இல்லை.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு

உண்மையான தீர்ப்பு இங்கேதான். மாதிரியை அனுப்பும் படிவத்தில், தாமிர கே-ஆல்ஃபா கதிரில் 2 தீட்டா (கதிர் விலகும் கோணம்) 5 முதல் 50 டிகிரி வரை என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் 10 டிகிரியில் தொடங்கி 80 வரை எடுத்துத் தந்துவிடுவார்கள். ஒரு கருவி மையத்தில் எனக்கு அப்படித்தான் நேர்ந்தது, கட்டணம் கட்டியதோடு சரி. இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 4ஏ-வின் முக்கியமான சிகரம் 7.2 டிகிரியில் இருக்கிறது. அடுத்தவை 10.2, 12.5, 16.1, 21.7, 24.0, 27.1, 29.9, 34.2. இவற்றில் 12.5-உம் 21.7-உம் பி வகைக்கும் உண்டு. 21.9-இல் கிறிஸ்டோபலைட்டின் முதன்மைச் சிகரம் நிற்கும். எனவே நடுப்பகுதியை மட்டும் பார்த்து முடிவு சொல்பவர் எளிதில் ஏமாறுவார், 7.2 இருக்கிறதா, 28.1-இல் பி வகையின் சிகரம் இல்லாமல் இருக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 முதல் 35 டிகிரி வரை அடியில் ஒரு மேடு தெரிந்தால் வேகாத கூழ் மிச்சமிருக்கிறது.

கணக்கையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். சிகரம் 7.18 டிகிரியில் என்றால் தீட்டா 3.59, அதன் சைன் 0.0626. அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராமை இதன் இரு மடங்கால் வகுத்தால் 12.3 கிடைக்கும். இது 200 தளத்தின் இடைவெளி. இரண்டால் பெருக்கினால் கனசதுர அலகுக்கூட்டின் பக்கம் 24.6 ஆங்ஸ்ட்ராம். புத்தக மதிப்பு 24.61.

மற்ற கருவிகள்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 4ஏ கற்கண்டைப்போலக் கூர்மையான கனசதுரங்களாகத் தெரியும். உங்கள் படத்தில் நூல்கண்டு போன்ற உருண்டைகள் கலந்திருந்தால் அது சோடலைட்டோ பி வகையோ ஆகும். அதனோடு வரும் தனிமப் பகுப்பாய்வில் சிலிக்கனுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதம் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையில் 1000, 660, 550, 465 அலையெண்களை ஒட்டிப் பட்டைகள் வரும். 550-இல் வருவது படிகக் கூட்டின் ஓர் உறுப்பான இரட்டை நான்கு வளையத்துக்கு உரியது, கூழில் அது இராது.

நைட்ரஜன் பரப்புக்கவர்ச்சிச் சோதனையில்தான் மாணவர்கள் அதிகம் மனமுடைகிறார்கள். 4ஏ-வை 77 கெல்வினில் நைட்ரஜனோடு சோதித்தால் மேற்பரப்பு மிகச் சொற்பமாகவே வரும். படிகம் கெட்டுப்போனதாக இதற்குப் பொருளில்லை. அந்தக் குளிரில் நைட்ரஜன் மூலக்கூறு, சோடியம் அடைத்து நிற்கும் வாசலைக் கடந்து உள்ளே போக முடிவதில்லை. நுண்துளையின் அளவை அறிய விரும்பினால் 273 கெல்வினில் கரியமில வாயுவைப் பயன்படுத்தலாம். அல்லது ஒரு கிராம் பொடியை 100 மி.லி. 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் 70 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் மூன்றுமுறை மாற்றி 5ஏ ஆக்கிவிட்டு நைட்ரஜனால் அளக்கலாம். அளக்கும் முன் வெற்றிடத்தில் படிப்படியாக 300 டிகிரிக்கு மேல் ஏற்றி நீரை முற்றிலும் நீக்க வேண்டும். ஒரேயடியாகச் சூடேற்றினால் உள்ளிருந்து கிளம்பும் நீராவியே கூட்டைச் சிதைக்கும். மேற்பரப்பைத் தரும் பி.இ.டி. கணக்கை வழக்கமான 0.05 முதல் 0.30 என்ற சார்பு அழுத்த எல்லையில் போடாமல் 0.1-க்குக் கீழே போடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அயனிப் பரிமாற்ற அளவீடுதான். ப்யூரெட் இருந்தால் போதும். 0.5 கிராம் பொடியை 100 மி.லி. 0.03 மோலார் கால்சியம் குளோரைடில் ஒரு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, மிஞ்சிய கால்சியத்தை, அதைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு தரம்பார்க்க வேண்டும். எரியோகுரோம் கருப்பு-டி நிறங்காட்டி திராட்சைச் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் புள்ளி கூர்மையாக வர, தாங்கலில் சிறிது மெக்னீசியம்-ஈ.டி.டி.ஏ. சேர்ப்பது வழக்கம். தொடக்கத்தில் 3.00 மில்லிமோல், இறுதியில் 1.75 என்றால் பொடி எடுத்துக்கொண்டது 1.25; எடுத்த பொடி அரை கிராம், கால்சியத்துக்கு இரண்டு மின்சுமை என்பதால் இது கிராமுக்கு 5.0 மில்லிச்சமானம். நீருள்ள 4ஏ-வின் கோட்பாட்டு எல்லை 5.5. உங்கள் மதிப்பு 5-ஐத் தொட்டால், எக்ஸ் கதிர் வரைபடமும் ஒத்துப்போனால், தயக்கமின்றி 4ஏ என்று எழுதலாம். இதே திறனால்தான் சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்குப் பதிலாக இது சேர்க்கப்படுகிறது.

கடைசியாகக் கிணற்று நீரிலும் முயன்று பாருங்கள். 100 மி.லி. கடின நீரில் அரை கிராம் பொடியைப் போட்டுக் கால்மணி நேரம் குலுக்கி வடித்து, இரண்டு குழாய்களில் பழைய நீரையும் புதிய நீரையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து துளி சவுக்காரக் கரைசலை விட்டுக் குலுக்கினால், ஒன்றில் தயிர்த்திப்பியும் மற்றதில் நுரையும் நிற்கும். நாகப்பட்டினம் பக்கத்து உவர்நீரில் மட்டும் வேறுபாடு மங்கலாகவே தெரியும்; அங்கே சோடியம் மிகுதியாக இருப்பதால் கால்சியம் உள்ளே போவதற்குப் போட்டி கூடுதல், கால்சியத்தோடு வரும் மெக்னீசியமும் தன்னைச் சுற்றிய நீர்ப்போர்வையைக் கழற்றிவிட்டு நுழைய நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நீருக்குப் பொடியை இரட்டிப்பாக்கி ஒரு மணி நேரம் குலுக்க வேண்டும்.